மடிப் பிள்ளைக்கும் ஒரு டிக்கெட்

பெயர் சிலம்பாயி. பிரஜாவுரிமை இந்தியர். தொழில் குடும்பப் பெண். உயரம் ஐந்து அடி இரண்டு அங்குலம். கண் கறுப்பு. அடையாளம் இடது முழங்கையில் தழும்பு. நிரந்தர முகவரி திருச்சிராப்பள்ளி மாவட்டம், துறையூர் தாலுக்காவில் ஒரு பட்டி.

இவற்றில் கண்ணின் நிறம் சரி. பெயரும் சரி என்று வைத்துக்கொள்ளலாம். உயரம் ஐந்தடி இரண்டங்குலம் இருந்திருந்தால், மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பரண்மேல் இருந்த அரிசிப் பானையை இறக்க அவள் ஒவ்வொரு தடவையும் பக்கத்துக் காம்பராவுக்குக் குரல் கொடுத்திருக்க மாட்டாள். தழும்பு இருந்தது வலது முழங்கையில். குடும்பப் பெண் பதினான்கு வயதிலிருந்து அறுபது வயதுவரை மலையில் கொழுந்து பறித்தாள். நிரந்தர முகவரி என்று எழுதப்பட்ட ஊரை எழுபத்தைந்து வயதுவரை வாழ்ந்தும் அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவள் தாயும் பார்த்ததில்லை. தாயின் தாய்தான் அங்கிருந்து வந்தவள். அவளும் அந்த ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போன ஒரே தகவல், அங்கே தண்ணீர் கிடையாது என்பது.

இப்படியொரு கடவுச்சீட்டு வீட்டு அலுமாரியில் கிடந்தது பேத்தி தர்ஷிகாவுக்குத் தெரியாது. சிலம்பாயி இறந்து பதினோரு நாளாகியிருந்தது. பதினாறாம் நாள் கருமாதிக்கு வாசலில் ஒரு அஞ்சலி பெனர் கட்டியே ஆக வேண்டும் என்று தர்ஷிகாவின் அப்பா கணேஸ் சொல்லிவிட்டார். பெனர் என்றால் படம் வேண்டும், தோற்றம் வேண்டும், மறைவு வேண்டும், பிறந்த ஊர் வேண்டும். மறைவு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தோற்றத்தைத் தேடித்தான் தர்ஷிகா அப்பாயியின் அலுமாரிக் கீழ்த்தட்டைத் திறந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு ஒன்று நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. படங்குக்குள் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் இந்தியா.

தர்ஷிகாவுக்கு இருபத்திரண்டு வயது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிஸாம் நானாவின் கடையில் வேலை. போட்டோ பிரதி எடுப்பது, பெனர் அடிப்பது எல்லாம் அங்கே நடந்தாலும் கடையைத் தாங்குவது படிவங்கள்தான். அடையாள அட்டை, அஸ்வெசும உதவிப்பண முறையீடு, பிறப்புப் பதிவில் திருத்தம் என்று ஊரே தன் பெயரையும் பிறந்த திகதியையும் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து உட்காரும். எந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் எந்த அரசாங்கக் கந்தோரில் திருப்பி அனுப்புவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அதனால் மற்றவர்கள் கடவுச்சீட்டைத் திறந்தால் படத்தைப் பார்ப்பதுபோல அவள் முத்திரைகளைப் பார்த்தாள். வழங்கிய திகதி 1981 ஆகஸ்ட். நாட்டை விட்டுப் போன முத்திரை இல்லை, வந்த முத்திரையும் இல்லை. பிள்ளைகளின் பெயரெழுதும் பக்கத்தில் இரண்டு வரி. முதல் வரி நீல மையில், நல்ல கையெழுத்தில்: சந்திரிகா, பெண், 1974. இரண்டாவது வரி கறுப்பு மையில், வேறொரு கையெழுத்தில், கோட்டைத் தாண்டி மேலேறி: கணேஸ், ஆண், 1982. அதன் பக்கத்தில் ஒரு தனி முத்திரை. அதில் 1984 டிசம்பர் 3.

அவள் அந்தத் திகதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். 1981இல் கொடுத்த புத்தகத்தில் 1982இல் பிறந்த பிள்ளை இருக்க முடியாது. அது சரி. பிறகு சேர்த்திருக்கிறார்கள். அதுவும் சரி. ஆனால் குடும்பம் இந்தியாவுக்கென்று கோச்சி, அதாவது ரயில், ஏறியது 1983இல். இந்தியாவுக்குப் போகும் கப்பல் ஒரேயடியாக நின்றுபோனது 1984இன் பிற்பகுதியில். டிசம்பரில், போவதற்குக் கப்பலே இல்லாத ஊரில், யார் போய் இந்தப் பெயரை எழுதச் சொன்னார்கள்?

இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதையில் இந்த இரண்டாவது வரி கிடையாது.

அந்தக் காலத்தில் சிலோனும் இந்தியாவுமாக இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, தோட்டத்துத் தமிழரில் இத்தனை பேர் இந்தியர் என்று முடிவுசெய்திருந்தன. பேசப்பட்டவர்களை யாரும் பேச அழைக்கவில்லை. எண்பத்து மூன்று வைகாசியில் சிலம்பாயி, கணவன் பழனியாண்டி, மாமியார், ஒன்பது வயது சந்திரிகா, ஐந்து மாதக் கைக்குழந்தை கணேஸ் ஆகிய ஐவரும் மூன்று தகரப் பெட்டிகளோடு கண்டியில் கோச்சி ஏறினார்கள். பொல்கஹவெலவில், கப்பல் புறப்படும் தலைமன்னாருக்குப் போகும் கோச்சிக்கு மாறினார்கள். அங்கே சிலம்பாயி குழந்தையோடு தண்ணீர் பிடிக்க இறங்கினாள். கோச்சி போய்விட்டது. கணவனும் மாமியாரும் மகளும் இந்தியர் ஆனார்கள். இவள் திரும்பி மடுல்கெல்லவுக்கு வந்தாள். கதை அவ்வளவுதான்.

கணேஸுக்கு இது குடும்பச் சொத்து. முச்சக்கர வண்டி ஓட்டும் அவர், பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் பின்னால் இருப்பவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

“தண்ணி புடிக்க எறங்குனவங்க எங்கம்மா. நாப்பத்திரெண்டு வருசமா புடிச்சுக்கிட்டே இருந்தாங்க. போத்தல் இன்னும் ரொம்பல.”

பின்னால் இருப்பவர் சிரிப்பார். தண்ணீர் பிடிக்கப் போகிறவள் குழந்தையை ஏன் தூக்கிப் போக வேண்டும், கோச்சிக்குள்ளே மாமியார் சும்மாதானே இருந்தாள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நன்றாகச் சொல்லப்படும் கதையில் யாரும் ஓட்டை தேடுவதில்லை.

சிலம்பாயியைப் பற்றி வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. அதில் தர்ஷிகாவும் ஒரு பாத்திரம். மூன்று வயதில் அப்பாயியின் மடியில் உட்கார்ந்து வத்தேகம பஸ்ஸில் போன பாத்திரம்.

“ஆச்சி, மடியில வச்சா டிக்கெட் இல்ல,” கொண்டக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லுவார்.

“ஏன் இல்ல? இதுக்கு வாய் இல்லயா, மூக்கு இல்லயா? குடு.”

“சின்னப் பிள்ளை ஆச்சி. சும்மா போகலாம்.”

“எம்பேத்தி சும்மா போக வேணாம். கிழிச்சுக் குடு.”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். தர்ஷிகாவின் அம்மா, தனக்கும் இந்தக் கிழவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல ஜன்னலுக்கு வெளியே மகாவலி ஆற்றைப் பார்ப்பாள். கடைசியில் கொண்டக்டர்தான் தோற்பார். ஒரு அரை டிக்கெட் வரும். சிலம்பாயி அதைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, இறங்கும்வரை திறக்க விடமாட்டாள். பிடிவாதம் என்றார் மகன். விளங்காத்தனம் என்றாள் மருமகள். வயது போனால் இப்படித்தான் என்றார்கள் அயலவர்கள். அப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. வேறு எந்த விஷயத்திலும் அவளை ஒரு கொழுந்துக் கணக்கப்பிள்ளைகூட ஏமாற்றியதில்லை.

மூன்றாவது கதை கடலுக்கு அப்பால் இருந்தது. கூடலூரில் சந்திரிகாவும் தேயிலைதான் பறித்தாள். இங்கே தேயிலை பறித்தவர்களை இந்தியர் என்று அனுப்பினார்கள். அங்கே போய்த் தேயிலை பறித்தபோது சிலோன்காரர் என்று கூப்பிட்டார்கள். எப்படியோ இரண்டு ஊரிலும் விருந்தாளிகள், விருந்துதான் கிடைக்கவில்லை. இருபது வருடம் கடிதம்கூட ஒழுங்காக வரவில்லை. பிறகு கைத்தொலைபேசி வந்தது. சந்திரிகா மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள்.

“ஏம்மா எறங்குன?”

“தண்ணி புடிக்கத்தான் தாயி. அந்த நாசமாப்போன கோச்சி நிக்கலயே.”

தொலைபேசி கணேஸுடையது. அம்மாவுக்குப் பிடிக்கத் தெரியாது என்று அவரே ஸ்பீக்கரில் போட்டு, அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பாசமான மகன். அவர் அங்கே நிற்பதற்கும் அந்தப் பதிலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று தர்ஷிகாவுக்கு அப்போது தோன்றவில்லை.

சிலம்பாயி இறந்த அன்று சந்திரிகா தர்ஷிகாவின் தொலைபேசிக்கு எடுத்தாள். அழுது முடித்துவிட்டு, மிகத் தெளிவான குரலில் சொன்னாள்.

“தண்ணியுமில்ல கிண்ணியுமில்ல தர்ஷி. நான் சன்னல்ல பாத்துக்கிட்டு இருந்தேன். அவ கையில போத்தலே இல்ல. ஆம்பளப் புள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்குனா, என்னய விட்டுட்டா. அப்பாவும் அதத்தான் சொன்னாரு சாகுறவரைக்கும். கருமாதிக்கு வர முடியாது, எனக்கு இன்னும் பாஸ்போர்ட் வரல. போன்ல வாறேன். எல்லாரும் இருக்கயில கேக்கப் போறேன். எனக்கு ஒரு பதில் வேணும். அம்பத்தோரு வயசாச்சு புள்ள, இன்னும் எத்தன நாளைக்கு அந்தச் சன்னல்லயே உக்காந்திருக்கிறது?”

தர்ஷிகாவிடம் இப்போது ஒரு முத்திரை இருந்தது. ஆனால் அது எந்தக் கேள்விக்கான பதில் என்று தெரியவில்லை.

அந்தக் கோச்சிக் காலத்து ஆட்களில் மிஞ்சியிருந்தது ராமாயி ஒருத்திதான். சிலம்பாயியின் தங்கை. இன்னும் மடுல்கெல்லவில், பிறந்த அதே லயத்தில். ஞாயிற்றுக்கிழமை கருமாதிக்குச் சொல்லும் சாக்கில் தர்ஷிகா பஸ் ஏறினாள். பன்விலவைத் தாண்டும்வரை என்ன கேட்பது என்று யோசித்தாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. யோசனையை விட்டுவிட்டாள்.

ராமாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். லயத்துக் காம்பராவுக்கு முன்னாலுள்ள அந்த ஒடுக்கமான இடத்தில்தான், திரும்பி வந்த சிலம்பாயி குழந்தையோடு எட்டு வருடம் படுத்திருந்தாள். அவளுடைய காம்பராவை அவள் கோச்சி ஏறிய மறுநாளே வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று. தோட்டத்துப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே இந்தியா போனவர் என்று எழுதியிருந்தது. இந்தியா போனவர் தினமும் காலையில் மலைக்கு வந்து, பதிவில்லாத கைக்காசுக்குக் கொழுந்து பறித்தார். அதைப் பார்த்துக்கொண்டே யாரும் அந்த வரியை வெட்டவில்லை.

தர்ஷிகா பக்கத்தை விரித்துக் காட்டினாள். ராமாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இரண்டாவது வரியில் விரலை வைத்தாள்.

“இது ஒங்கப்பன் பேருதானே. கறுப்பு மை. எனக்குத் தெரியும், நானும் கூடப் போயிருந்தேன்.”

“எப்ப, சின்ன அப்பாயி? கப்பலு நின்னதுக்குப் பொறகா?”

ராமாயி உலக்கையைக் கீழே வைத்தாள்.

“ஒந் தாத்தன் ஒரு புத்திசாலி. ஊருல அப்பிடித்தான் பேரு. பாஸ்போர்ட்டு வந்து ஒரு வருசங் கழிச்சுத்தான் ஒங்கப்பன் பொறந்தான். இவ கேட்டா, இவன் பேரு அதுல இல்லயேன்னு. அதுக்கு அந்தாளு என்னா சொன்னாரு தெரியுமா? ‘மடியில கெடக்குற புள்ளைக்கி பஸ்ஸுல டிக்கெட் கேக்குறானா? கோச்சியில கேக்குறானா? கப்பல்ல மட்டும் கேப்பானா? நீ பேசாம வா’ன்னாரு. எங்க எல்லாருக்குமே அது ஞாயமாத்தான் பட்டுச்சு தாயி. பஸ்ஸவிட்டா நாங்க எதுல போனோம், வேற என்னத்தக் கண்டோம்?”

பொல்கஹவெலவில் கோச்சி மாறும்போது, கூட வந்த தோட்டக் கமிட்டித் தலைவர் எல்லோருடைய புத்தகங்களையும் வாங்கிப் பார்த்தார். சிலம்பாயியின் மடியைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். இந்தப் பிள்ளை புத்தகத்தில் இல்லை, தலைமன்னாரில் ஏற்ற மாட்டார்கள் என்றார். சந்திரிகாவின் பெயர் தகப்பன் புத்தகத்திலும் இருந்தது. ஐந்து பேரும் திரும்பினால் முறை போய்விடும், மறுபடி எப்போது வருமோ தெரியாது. பேரைச் சேர்க்க ஒரு மாதம் ஆகும். தாயும் குழந்தையும் இறங்கி, கண்டியிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய்ப் பெயரைப் போட்டுக்கொண்டு அடுத்த கப்பலில் வரட்டும். நின்றுகொண்டிருக்கும் கோச்சியில், பத்து நிமிடத்தில், இதைவிட நல்ல முடிவு யாருக்கும் தோன்றவில்லை. சந்திரிகா சன்னலில் பார்த்து அழுதபோது பழனியாண்டிதான் சொன்னார், அம்மா தண்ணி பிடிக்கப் போயிருக்கு என்று. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஓடிக்கொண்டிருந்த கதையின் முதல் அச்சு அதுதான்.

“ஒரு மாசம்னாங்க,” என்றாள் ராமாயி. “பேரச் சேக்கப் பொறப்புச் சான்று வேணுமாம். தோட்டத்துல போனா, நீதான் எங்க புத்தகத்துல இந்தியா போயிட்டியே, ஒம் புள்ளைக்கி நாங்க எப்பிடிக் குடுக்கிறதுங்குறாங்க. நடுவுல ஆடி மாசம் வந்துச்சு. கலவரம். ரெண்டு மாசம் ஒரு தமிழாளு ரோட்டுல எறங்கல. அப்பறம் மறுபடியும் போனா. ஒவ்வொரு தடவையும் புள்ளையத் தூக்கிக்கிட்டு. வந்து அந்தா, அந்தக் கதவு நெலையில கரியால ஒரு கோடு இழுப்பா. பதினேழு கோடு. பேரு எழுதுன அன்னிக்கி நானும் போனேன். எழுதிக் குடுத்த பையன் நல்ல பையன்தான். குடுத்துட்டு சொன்னான், அம்மா, இப்பக் கப்பலு ஓடலயேன்னு.”

கதவு நிலையில் கோடுகள் இல்லை. எப்போதோ பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

“அங்க ஒந் தாத்தன் ரெண்டு வருசம் பாத்தாரு. அப்பறம் இன்னொருத்தியக் கட்டிக்கிட்டாரு. கட்டுறதுன்னா மொதப் பொண்டாட்டி மேல குத்தம் வேணுமில்ல? ஆம்பளப் புள்ளையத் தூக்கிக்கிட்டு அவளா எறங்கிட்டான்னு சொல்லிப்புட்டாரு.”

“அப்பாயி இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“ஒங்கப்பனுக்கு ஏழு வயசு. லயத்துல ஒருத்தி, சண்டையில, ‘குடும்பத்தக் கெடுத்த கொழுந்து’ன்னு அவன் மூஞ்சிக்கி நேராச் சொல்லிட்டா. ரெண்டு நாளு சோறு திங்கல. மூணாம் நாளு எங்கக்கா லயம் லயமா ஏறி எறங்குனா. ‘இனி யாரு கேட்டாலும் நான் தண்ணி புடிக்கத்தான் எறங்குனேன். வேற எதாச்சும் எவளாச்சும் சொன்னா, நான் மனுசியா இருக்க மாட்டேன்’னுட்டா. அதோட சரி. ஒங்கப்பனும் மறந்துட்டான். தாயி, நீயும் அவன்கிட்ட சொல்லப்புடாது. எம்மேல சத்தியம் பண்ணு.”

தர்ஷிகா சத்தியம் செய்தாள். செய்யாமல் அந்த இஸ்தோப்பை விட்டு எழும்ப முடியாது போலிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் முன் இருக்கையில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு இருந்தாள். கொண்டக்டர் அவளுக்கு ஒரு டிக்கெட் கொடுத்துவிட்டுக் கடந்து போனார். தர்ஷிகா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல மூடிக்கொண்டாள்.

மறுநாள் கடையில் நிஸாம் நானா பெனரின் முன்னால் காத்திருந்தார்.

“பொறந்த ஊரு என்த போட, செல்லு புள்ள. அந்த எடம் மட்டும் வெறுமையா ஈக்கி.”

“மடுல்கெல்ல போடுங்க நானா.”

“அப்ப அந்த இந்தியாப் புத்தகத்துல வேற ஊரு ஈக்குன்டு சென்னீங்களே?”

“அதுல எழுதியிருக்கிறது எதுவும் சரியில்ல நானா. ஒரு வரியத் தவிர.”

நிஸாம் அவளை நிமிர்ந்து பார்த்தார். இறந்த வீட்டுப் பிள்ளை இப்படி ஏதாவது சொல்லத்தான் செய்யும் என்று நினைத்திருப்பார். அன்று முழுவதும் தர்ஷிகா பிறருடைய படிவங்களை நிரப்பினாள். ஒருவருக்குத் தகப்பன் பெயர் மாறியிருந்தது, இன்னொருவருக்குப் பிறந்த வருடம். எல்லாவற்றுக்கும் ஒரு கந்தோர் இருந்தது, ஒரு கவுண்டர் இருந்தது. தன்னுடையதற்கு மட்டும் எங்கே போய் வரிசையில் நிற்பது என்று தெரியவில்லை. சொன்னால் அப்பாவுக்கு, தன்னால்தான் அக்கா தாயில்லாமல் வளர்ந்தாள் என்று ஆகும். சொல்லாவிட்டால் அத்தை அந்தச் சன்னலிலேயே இருப்பாள். இரண்டு பேரும் நல்லவர்கள். அதுதான் இடைஞ்சல்.

பதினாறாம் நாள் பகல். காகத்துக்குச் சோறு வைத்தாயிற்று. கணேஸ் ஒரு கதிரையில் செம்பை வைத்து, அதில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தார். திரையில் சந்திரிகா வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு தகரச் சுவரும் ஒரு பிளாஸ்டிக் குடமும் தெரிந்தன. எல்லோரும் கொஞ்சம் அழுதார்கள். பிறகு சந்திரிகா சொன்னபடியே கேட்டாள்.

“தம்பி, சின்னம்மா, எல்லாரும் இருக்கீங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அம்மா ஏன் என்னய விட்டுட்டு எறங்குச்சு?”

கணேஸுக்கு அக்காவைச் சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

“அட அக்கா, தண்ணி புடிக்கப் போன ஆளு…”

“அந்தத் தண்ணிக் கதைய மொதல்ல கேட்டவளே நான்தான்டா,” என்றாள் சந்திரிகா. “எனக்குத்தான் சொன்னாங்க, கோச்சியில வச்சு. அது வேணாம். நெசத்தச் சொல்லு.”

கணேஸ் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தார். ராமாயி நிலத்தைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்குப் போதுமான வெற்றிலையை ஒரே வாயில் போட்டுக்கொண்டாள்.

தர்ஷிகா எழுந்து உள்ளே போனாள். அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் அவள் சத்தியம் செய்திருந்தாள். அத்தையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. படிவம் நிரப்புகிறவர்களுக்கு இப்படியான இடைவெளிகள் கண்ணில் படும். கடவுச்சீட்டின் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே படமெடுத்து வைத்திருந்தாள். மூன்று தடவை அத்தைக்கு அனுப்பப் போய் விலகினாள். நாலாவது தடவை விரல் பட்டுவிட்டது. அதன் கீழே ஆறு வரி எழுதினாள். மடி, பொல்கஹவெல, ஒரு மாதம், ஆடிக் கலவரம், கறுப்பு மை, டிசம்பர்.

வெளியே கணேஸ் கத்தினார். “அக்கா? லைன் போயிருச்சா? ஒங்க படம் நின்னுபோச்சே.”

திரை அசையவில்லை. தகரச் சுவரும் இல்லை, குடமும் இல்லை. ஒரு சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. ராமாயி நிமிர்ந்து தர்ஷிகாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, அப்பாடா என்று இருந்ததா என்பதைத் தர்ஷிகாவால் சொல்ல முடியவில்லை.

நீண்ட நேரத்துக்குப் பிறகு சந்திரிகா திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“தம்பி.”

“சொல்லுக்கா.”

“அந்தப் போத்தல் கதைய நீ எப்பிடிச் சொல்லுவ? முழுசாச் சொல்லு. நான் ஒன் வாயால கேட்டதே இல்ல.”

கணேஸ் சொன்னார். பாலத்து நெரிசலில் சொல்லுவதுபோல, கையை ஆட்டி, கொஞ்சம் கூட்டி. போத்தல் இன்னும் ரொம்பல என்ற இடத்தில் சந்திரிகா சிரித்தாள். சரியாகச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். கணேஸுக்கு நிம்மதி. அக்கா ஒருவழியாக ஏற்றுக்கொண்டாள் என்று, சோற்றுப் பந்தியைக் கவனிக்க எழும்பிப் போனார்.

தர்ஷிகாவின் தொலைபேசியில் செய்திகள் வரத் தொடங்கின.

“தம்பிக்கு தெரியுமா?”

“தெரியாது அத்தை.”

“விடு. தெரிய வேணாம்.”

அடுப்படியில் பாயாசம் அடிப்பிடிக்கிறது என்று அம்மா சத்தம் போட்டாள். அப்புறம் வந்தது.

“என் பேரு புத்தகத்துல இருந்துச்சுதானே. ஏறவும் விடுவாங்க. எறங்கவும் விட்டிருப்பாங்கதானே. அப்ப என்னையும் எறக்கிக்கிட்டு போயிருக்கலாமே தர்ஷி. ஏன் செய்யல?”

தர்ஷிகா ‘ஒரு மாசம்னுதான் நெனச்சாங்க’ என்று எழுதினாள். அது உண்மை. ஆனால் வாசித்துப் பார்த்தபோது பதிலாக இல்லை. அழித்தாள். ‘அங்க போனா நீங்களாவது நல்லா இருப்பீங்கன்னு’ என்று எழுதினாள். அது யாரும் சொல்லாதது. அதையும் அழித்தாள். ராமாயியிடம் கேட்கலாம். அவள் கோச்சியில் இருக்கவில்லை. கோச்சியில் இருந்தவர்களில் இரண்டு பேர் கூடலூரில் செத்துப்போனார்கள், ஒருவருக்கு இன்று பதினாறாம் நாள், ஒருவர் அப்போது ஐந்து மாதக் குழந்தை, ஒருவர்தான் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர். சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம் கேட்க எல்லோருக்கும் நாற்பத்திரண்டு வருடம் இருந்தது. கேட்டார்கள். ஸ்பீக்கரில் கேட்டார்கள்.

தெரியாததை எழுத அவளுக்குப் பழக்கமில்லை. கடையில் யாராவது, இந்தக் கட்டத்துக்கு என்ன போடுவது என்று தடுமாறினால், உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், மற்றதை விடுங்கள் என்பாள். அதையே செய்தாள். கடைசியில் அத்தைக்கு அவள் அனுப்பியது இவ்வளவுதான்:

அப்பாயி பொல்கஹவெலவில் இறங்கி, தம்பியைத் தூக்கிக்கொண்டு மடுல்கெல்லவுக்குத் திரும்பி வந்தாங்க. அங்கேயிருந்து பதினேழு தடவை கண்டிக்குப் போய், அவரோட பேரை உங்க பேருக்குக் கீழே எழுத வச்சாங்க.